மூணைக் கழிச்சுக்கோ

பீஸ் ஆற வேண்டும். ஆறுகிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, பக்கத்தில் குனிந்து நின்று பெருமூச்சுகூட விடக்கூடாது. அளவறைக்கு அதுதான் சட்டம். வெளியே சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கிரைண்டிங் மிஷினிலிருந்து இறங்கி வந்த ஸ்லீவ் அது. டிராக்டர் ஸ்டீயரிங்குக்குள்ளே எண்ணெயை அடக்கி வைக்கிற, உள்ளங்கையில் நிற்கிற குழாய்த் துண்டு. இப்போது கருங்கல் மேசையின் நடுவில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. சூட்டோடு வந்த இரும்பு பெருத்துத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் பெருத்த அளவுதான் வரும். அது அறையின் இருபது டிகிரிக்கு இறங்கி, ஆசுவாசப்பட்டு, தன் சொந்த அளவுக்குத் திரும்பின பிறகுதான் அதனிடம் எதையும் கேட்கலாம். துளசிமணி கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கோயமுத்தூரே புழுங்கிச் சாகிற நாளில் சால்வை போர்த்துகிற பிழைப்பு அவளுடையது. வெளியே மிஷின் ஓட்டுகிறவர்கள் அவளை ஊட்டிக்காரம்மா என்று கேலி பண்ணுவார்கள், பண்ணிவிட்டு ஏதாவது ஒரு சாக்கில் உள்ளே வந்து நின்று வியர்வை உலர்த்திக்கொண்டு போவார்கள். இன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை, சாப்பாட்டு நேரம். ஏசியின் ஒரே சுருதி, ஜன்னல் இல்லாத சுவர்கள், வெள்ளை வெளிச்சம். இதற்குள் உட்கார்ந்தால் மணி பன்னிரண்டா நாலா என்று தெரியாது, சித்திரையா மார்கழியா என்றும் தெரியாது. குளத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். அவளுக்கு அது பிடிக்கும். மற்ற நாட்களில் பிடிக்கும். இன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு மேலே எங்கேயோ காலையில் வந்த ஒரு போன் மிதந்துகொண்டிருந்தது, அதை அண்ணாந்து பார்க்காமல் இருக்கத்தான் அவள் ஸ்லீவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கிருபாசங்கர், அளவு மிஷின் விற்க வந்த இரண்டு பேரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். போகும்போது கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி, "துளசிமணி, நாங்க வந்ததும் கடைசியா ஒருவாட்டி ரெண்டுலயும் போட்டுப் பாத்துருவோம். எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும். ஆனா நம்ம மானத்தையும் மனசுல வெச்சுட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மானம் என்று அவர் சொன்னது மூன்று மைக்ரானை. ஒரு தலைமுடியை எழுபது நாராகக் கிழித்தால் அதில் ஒரு நார் ஒரு மைக்ரான், அதில் மூன்று. ஓசூரில் ஸ்லீவை வாங்குகிற கம்பெனி ஆறேழு மாதமாக முனகிக்கொண்டிருந்தது: உங்கள் துளை பெரிதாக இருக்கிறது, எண்ணெய் கசிகிறது, எங்கள் கணக்குக்கு மூன்று மைக்ரான் கூட. எங்கள் கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று துளசிமணியே பதில் போட்டிருந்தாள், ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம், ஒவ்வொரு தரமும் முந்தினதைவிட விறைப்பாக. கடைசியில் முதலாளி ரோஷப்பட்டு, புது அளவு மிஷினே வாங்கி அவர்கள் மூக்கை உடைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். ஒன்றைக் கொண்டுவந்தவர் சஞ்சீவி. சிரித்த முகம், வரும்போதே மைசூர்பாகு, கொண்டுவந்த மிஷினும் அவர் மாதிரியே பளபளவென்று, பெரிய திரை, பச்சை விளக்கு. இன்னொன்றைக் கொண்டுவந்தவர் எட்வின், நாகர்கோவில்காரர், உம்மணாமூஞ்சி. கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்றை மூலையில் வைத்துவிட்டு, காபிகூட வேண்டாம் என்று நின்றவர். மூன்று நாளாகப் பார்க்கிறார்கள். எந்த ஸ்லீவைப் போட்டாலும் சஞ்சீவியின் மிஷின் இவர்களுடைய அளவையே சொல்லும், அச்சுப் பிசகாமல். எட்வினுடையது மூன்று கூட்டிச் சொல்லும், ஓசூர்க்காரன் சொல்கிற அதே மூன்று. இந்த ஆளு அங்கயும் மிஷின் விக்கறானோ என்னமோ, காசு வாங்கிட்டு வந்திருப்பான் என்றுகூட முதலாளி முணுமுணுத்தார். துளசிமணிக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. ஆனாலும் சஞ்சீவியின் பச்சை விளக்கு எரிகிறபோதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் ஒரு சுகம் பரவியது உண்மை. நம்மை ஆமோதிக்கிறவர்களை யாருக்குத்தான் பிடிக்காது. எட்வின் மிஷினின் எண்களைப் பார்க்கும்போது, வீட்டுக்கு வந்த உறவுக்காரர் காபியைக் குடித்துவிட்டு சர்க்கரை இல்லையே என்று சொன்ன மாதிரி ஒரு எரிச்சல். அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றுதான் இந்தக் கடைசி ஸ்லீவை ஆறப் போட்டுவிட்டு அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

இவர்களுடைய அளவு என்றால் அந்த ஓரத்தில் நிற்கிறதே, அந்தப் பழைய மிஷின் சொல்வதிலிருந்து மூன்றைக் கழித்தது. துளசிமணி வேலைக்குச் சேருவதற்கு முன்னாலிருந்தே அது அங்கே நிற்கிறது. முள் வைத்த பழைய காலத்து மிஷின். முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிற திருகு எந்தக் காலத்திலோ இறுகி அசையாமல் போய்விட்டது. அதனால் எதைப் போட்டாலும் மூன்று மைக்ரான் கூடவே காட்டும். கூடுதலாகத்தானே காட்டுகிறது, மாறாமல் காட்டுகிறதே, அது போதும். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே செருப்பை வெளியே விட்டு அளவறைச் செருப்பை மாட்டச் சொல்லி, போனை வெளித் தட்டில் வைக்கச் சொல்லி, மூன்றாவதாகக் காதில் ஓதுகிற மந்திரம், மூணைக் கழிச்சுக்கோ. எழுதி வைக்கிற விஷயம் இல்லை அது. ஊரில் ஒரு மனுஷர் எதையும் ஊதித்தான் பேசுவார் என்றால் அதையா எழுதி வைக்கிறோம்? கேட்கும்போதே காது கழித்துக்கொள்ளும். அவள் வீட்டிலும் அப்படி ஒரு மிஷின் இருந்தது. கோகிலவாணி. ஒற்றை மகள். பள்ளிக்கூட வேனில் ஆயிரம் பேரை ஏற்றுகிறார்கள் என்பாள், தோட்டத்தில் தென்னை நீளத்துக்குப் பாம்பு பார்த்தேன் என்பாள், கொசு கடித்தால் கை முழுக்கப் புண் என்பாள், பல் வலித்தால் செத்துருவேன்மா, சாவறதுக்குள்ள ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடு என்பாள். திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி தவறாது. அவளுடைய அப்பா தங்கராசு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க மிஷினுக்கு மூணு, நம்ம கோகிக்குப் பாதி. பாதியக் கழிச்சுட்டுக் கேளு, சரியா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கோகியும்தான் சிரித்தாள், தட்டிலிருந்த பூரியைக் கையால் மறைத்துக்கொண்டு, பாதி பூரியையும் கழிச்சுருவீங்களா என்று கேட்டு. அந்தச் சிரிப்பு இன்னும் அடுப்படியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. கோகி ஏதாவது சொன்னால் தங்கராசு துளசிமணியைப் பார்ப்பார், துளசிமணி தங்கராசுவைப் பார்ப்பாள், கழித்தல் அங்கேயே முடிந்துவிடும்.

காலையில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருக்கும்போது போன். தாராபுரத்திலிருந்து கோகி. ஏழு மாதம். போன வாரம்தான் வளைகாப்பு நடந்தது. வளையல் போட்டதும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் வழக்கம். இந்த மிஷின் விவகாரம் முடியட்டும் சாமி, அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டு வர்றேன் என்று துளசிமணிதான் தள்ளிப்போட்டாள். கோகி ஒன்றும் சொல்லவில்லை, சரிம்மா என்றாள். சம்பந்தியம்மா நல்ல மனுஷி, மாப்பிள்ளை கதிரேசன் தேங்காய்நார்க் களத்தை விட்டால் வீடு, வீட்டை விட்டால் களம். ஒரு குறையும் இல்லை. காலையில் என்ன சொன்னாள்? "அம்மா, கொஞ்சம் தலை வலிக்குதும்மா." தூங்கியிருக்க மாட்டே, ராத்திரியெல்லாம் போனைப் பாத்திருப்பே என்று இவள் சொன்னாள். "கண்ணு முன்னால கொஞ்சம் பூச்சி பறக்கற மாதிரி இருக்குது." வெயில் கண்ணு, இங்கயும் அப்படித்தான், மோர் குடி. "வளையல் எல்லாம் கையோட பதிஞ்சு கிடக்குது, நகத்தவே முடியல." ஏழு மாசம்னா கை கால் வீங்கத்தான் செய்யும், எனக்கும் உன்னை உண்டாகியிருந்தப்ப வீங்குச்சு, உப்பைக் குறைச்சுக்க. "சரிம்மா." பிறகு ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் சஞ்சீவியின் கார் உள்ளே நுழைந்தது, அப்புறம் பேசறேன் சாமி என்று வைத்துவிட்டாள். இதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. எந்த அம்மாவும் சொல்வதுதான். அப்படியிருக்க அந்த இடைவெளி மட்டும் ஏன் காலையிலிருந்து அறுந்த நூல் மாதிரி நகத்தில் மாட்டிக்கொண்டே வருகிறது? எட்வின் மிஷினைத் துடைக்கும்போது வந்தது, ஸ்லீவைக் கையுறை போட்டு எடுத்து வைக்கும்போது வந்தது, இப்போது ஏசியின் சுருதிக்குள்ளும் ஒரு தரம் எழும்பி அமுங்கியது. பூச்சி பறக்கிற மாதிரி. எப்படிப்பட்ட பூச்சி? ஈசலா, மின்மினியா? சின்ன வயசுக் கோகி என்றால் கேட்காமலே சொல்லியிருப்பாள், லட்சம் மின்மினிம்மா, எல்லாம் ஊதா கலரு என்று. துளசிமணிக்குக் கண் சொருகியது. தூங்கவில்லை, ஆனாலும் கருங்கல் மேசை ஒரு கறுத்த குளம் ஆனது, அதன் நடுவில் ஸ்லீவ் மிதந்தது, ஸ்லீவுக்குள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை மிதந்தது, எல்லாம் இருபது டிகிரியில் குளிர்ந்துகொண்டிருந்தன. குழந்தைக்கு இவ்வளவு குளிர் ஆகாதே என்று அவள் சால்வையை எடுக்கப் போனாள். திடுக்கிட்டு நிமிர்ந்தபோது கதவு திறந்திருந்தது.

ஜெயசுதா வந்திருந்தாள், அளவறையில் இவளுக்கு அடுத்தபடி வேலை பார்க்கிறவள். "அக்கா, சாப்பிட வல்லீங்களா? தயிர் சாதம் கொண்டாந்திருக்கறேன்."

"நீ சாப்புடு. பீஸ் ஆறட்டும்."

"அது என்ன ஓடியா போயிரும்? காலையிலிருந்து ஒரு மாதிரியாவே இருக்கறீங்க."

"ஒண்ணுமில்லடி. போ."

கதவு மூடிக்கொண்டது. வெளியிலிருந்து வந்த ஒரு கவளம் சூடு சற்றுநேரம் அறையில் அலைந்து கரைந்தது. துளசிமணி எழுந்து நடந்தாள், நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம், அவ்வளவுதான் இடம். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. அலமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து மாஸ்டர் ரிங் இருக்கிற மரப்பெட்டியை எடுத்தாள். மாஸ்டர் ரிங் என்றால் அளவுக்கு அளவு. அதன் துளை இவ்வளவுதான் என்று ஊர் உலகம் ஒத்துக்கொண்ட எஃகு வளையம். வாரா வாரம் அதைப் போட்டு மிஷினைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. மூன்று கூட வரும் என்று தெரிந்த விஷயத்தை எதற்கு எண்ணெய்த் தாளைப் பிரித்து, துடைத்து, போட்டு, மறுபடி எண்ணெய் பூசி; போட்டதாகவே கணக்கு. பழைய மிஷின் அலுத்துக்கொள்கிற கிழவர் மாதிரி ஓரத்தில் நின்றது. அவள் எண்ணெய்த் தாளைப் பிரித்தாள். வளையத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். கோகிக்கு வளையல் வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போனது ஞாபகம் வந்தது. கண்ணாடி வளையல்காரர் ரெண்டு நாலு போதும்மா, ஒல்லிக் கைதானே என்றார். இவள்தான் ரெண்டு ஆறு கேட்டு வாங்கினாள். கை வீங்கும், இடம் விட்டுத்தான் போடணும் என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தாள். துளைக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று சொல்கிற வேலையில் இருக்கிறவள் அல்லவா. வளைகாப்பன்று அவை கோகியின் கையில் முழங்கைவரை ஓடி ஓடி வந்தன, கையைத் தூக்கினால் கலகலவென்று, அங்கே இருந்த பெண்களெல்லாம் பிள்ளை இப்பவே கிலுகிலுப்பை கேக்குது பாரு என்று சிரித்தார்கள். அந்தக் கலகலப்பு காதில் இருக்கும்போதே அவள் கை ரிங்கை மிஷினில் வைத்து நெம்புகோலை இறக்கியது. முள் எழுந்தது, ஆடியது, நின்றது. சுழியத்தில் நின்றது.

எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். சுழியம். திருப்பி வைத்தாள். சுழியம். மூன்றில் வந்து நிற்கவேண்டிய முள், இத்தனை வருஷமாக மூன்றில் மட்டுமே நின்ற முள், நான் எப்போதும் இங்கேதானே நிற்கிறேன் என்கிற மாதிரி அப்பாவியாகச் சுழியத்தில் நின்றது. அவள் விரலால் அந்தத் திருகைத் தொட்டாள். வெண்ணெய் மாதிரிச் சுழன்றது.

"ஜெயசுதா!"

கையில் சோற்றுப் பருக்கையோடு ஓடி வந்தாள் அவள்.

"இந்தத் திருகு எப்படி லூசாச்சு?"

"அதுங்களா? சர்வீஸ்காரர் வந்தாருங்கல்ல அக்கா, கோகி கல்யாணத்துக்கு நீங்க லீவுல இருந்தப்ப. எண்ணெய் விட்டு ஒரு நாள் பூரா தட்டிட்டு இருந்தாரு. முள்ளுச் சரி பண்ணியாச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அதுக்கப்பறமும் மூணு கழிச்சியா?"

ஜெயசுதா விழித்தாள். "நாமதான் எப்பவும் கழிப்பமே அக்கா."

நாமதான் எப்பவும் கழிப்பமே. கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிறது. அத்தனை நாளும் அந்தக் கிழம் உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது, அளவறையில் இருக்கிற நாலு பேரும் அதன் முகத்துக்கு நேரேயே மூன்றைக் கழித்திருக்கிறார்கள். பெருத்த துளையையெல்லாம் சரி, சரி, சரி என்று ஓசூருக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவன் கசிகிறது என்று கத்த, விறைப்பாகப் பதில் வேறு. சஞ்சீவியின் மிஷின் எப்படி ஒத்துப்போனது என்பதும் இப்போது புரிந்தது. முதல் நாள் அவர் பெட்டியைப் பிரித்ததும் கேட்டாரே, உங்க நல்ல பீஸ் ஒண்ணு குடுங்க மேடம், அதையே மாஸ்டரா வெச்சு செட் பண்ணிக்கலாம் என்று. இவளே எடுத்துக் கொடுத்தாள். பாவம் அவர் ஒரு சூதும் செய்யவில்லை, வாடிக்கையாளரின் பொய்யைத் தன் மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தார், அது கெட்டிக்காரத்தனமாகத் திருப்பிச் சொன்னது. எட்வின் யாருடைய பீஸையும் வாங்கவில்லை, தன் ரிங்கைத் தானே கொண்டுவந்திருந்தார். துளசிமணிக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அந்தச் சூட்டைப் பற்றிக்கொண்டு நிற்கக்கூட மனம் இடம் கொடுக்கவில்லை, அது வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அடுப்படியில் நின்றது. பாதியக் கழிச்சுட்டுக் கேளு. கோகி எப்போதிலிருந்து அப்படிப் பேசுவதை நிறுத்தினாள்? எந்த நாள்? துளசிமணி தேடினாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பரவால்லம்மா. ஒண்ணுமில்லம்மா. அதெல்லாம் பாத்துக்கலாம்மா. வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினதையே நாலு நாள் கழித்து, சும்மா ஒரு பாட்டில் போட்டாங்க என்றுதான் சொன்னாள். இவள் அதிலும் பாதியைக் கழித்தாள். ஆயிரம் என்றும் லட்சம் என்றும் மட்டுமே பேசத் தெரிந்த பெண் காலையில் கொஞ்சம் என்றாள். கொஞ்சம் தலைவலி. கொஞ்சம் பூச்சி. கோகியின் வாயில் அந்த வார்த்தையை அவள் எப்போதாவது கேட்டிருக்கிறாளா? பாயசத்துக்குக்கூட கொஞ்சம் போடு என்று கேட்டதில்லையே அவள். அப்புறம் வளையல். வளையலைப் பற்றி அவள் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, நகரவில்லை என்று இருந்ததைச் சொன்னாள். ரெண்டு நாலு போதுமான கைக்கு ரெண்டு ஆறு வாங்கியது நீ. அரைக்கால் அங்குலம் இடம். உன் கணக்கில் மூவாயிரம் மைக்ரானுக்கு மேலே. முழங்கைவரை ஓடின வளையல் ஒரு வாரத்துக்குள் தோலில் பதிந்து நிற்கிறது என்றால் கை எவ்வளவு பெருத்திருக்க வேண்டும் என்று இந்த ஊரிலேயே உடனே சொல்லக்கூடியவள் நீதானே, மூன்று மைக்ரானுக்காக மூன்று நாளாக ரெண்டு மிஷினை முறைத்துக்கொண்டிருக்கிறவளே, மூவாயிரத்தை உப்பைக் குறைச்சுக்க என்றாயே. மேசைமேல் ஸ்லீவ் அமைதியாக இருந்தது. ஆறியிருக்கும், ஆறாமலும் இருக்கும். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளித் தட்டில் வரிசையாக இருந்த போன்களில் தன்னுடையதை எடுத்துக் கோகியைக் கூப்பிட்டாள். வெயில் முகத்தில் அடித்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடு சாமி, எடு கண்ணு, எடுத்தாள்.

"என்னம்மா இந்நேரத்துல? சாப்பிட்டியா?"

"இப்ப எப்படி இருக்குது உனக்கு?"

"பரவால்லம்மா. கொஞ்சம்…"

"கொஞ்சம்னு சொல்லாதே. பழைய கோகி மாதிரி முழுசாச் சொல்லு."

அந்தப் பக்கம் அதே இடைவெளி. காலையில் வந்த அதே சின்ன இடைவெளி. இந்த முறை துளசிமணி அதற்குள்ளேயே நின்றாள், நகரவில்லை.

"முழுசாச் சொன்னா நீ சிரிப்பே."

"சிரிக்க மாட்டேன் சாமி."

"மண்டைய உள்ளயிருந்து பொளக்கற மாதிரி இருக்குதும்மா. மூணு நாளாச்சு. இடது கண்ணுல பாதி இருட்டா இருக்குது. நெஞ்சுக்குக் கீழ ஒரே வலி. காத்தால முகத்தைக் கண்ணாடியில பாத்து எனக்கே பயமாயிருச்சு, யாரோ மாதிரி இருக்கறேன்."

"அத்தைகிட்டச் சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். உன்ட்ட முதல்ல கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். எல்லாருக்கும் இருக்கறதுதான்னு நீயே சொல்லிட்டே. அப்பறம் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

துளசிமணிக்கு அழ நேரமில்லை. "நான் சொன்னது தப்பு கண்ணு. இடது பக்கமாச் சாஞ்சு படுத்துக்க. எந்திரிக்காதே. மாப்பிள்ளைய இப்பவே வரச் சொல்றேன், நானும் வர்றேன்."

கதிரேசன் களத்தில் இருந்தார், முதல் மணியிலேயே எடுத்தார். அவரிடம் அவள் கத்தவில்லை. வேலையில் பேசுகிற குரல்தான் வந்தது, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. காரை எடுங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, போனதும் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, அவ என்ன சொல்றாளோ அதை அப்படியே டாக்டர்கிட்டச் சொல்லுங்க, நடுவுல நீங்க எதையும் குறைக்காதீங்க. சரிங்க அத்தை, சரிங்க அத்தை என்றவரின் மூச்சு ஓடத் தொடங்கியது போனிலேயே கேட்டது. திரும்பினால் முதலாளி நின்றுகொண்டிருந்தார், வாயில் வெற்றிலையோடு, ஒரு பக்கம் சஞ்சீவி, ஒரு பக்கம் எட்வின்.

"என்னாச்சு துளசிமணி? பீஸ் ஆறிருச்சா?"

"எட்வின் சார் மிஷினை வாங்குங்க. நம்ம அளவுதான் தப்பு. ஒரு வருஷமாத் தப்பு. கோகி கல்யாணத்துலயிருந்து போன சரக்கு பூராவும் திருப்பிக் கூப்பிடோணும். ஜெயசுதாகிட்டக் கேளுங்க, சொல்லுவா. எனக்கு இப்ப வண்டி வேணுங்க. தாராபுரம் போகோணும். புள்ளைக்கு முடியல."

கிருபாசங்கர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். முதல் பாதியைக் கேட்டுச் சிவந்த முகம் கடைசிப் பாதியில் வேறு மாதிரி ஆனது. மானத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார்.

கார் சிங்காநல்லூரைத் தாண்டியபோதுதான் காலில் அளவறைச் செருப்போடு வந்துவிட்டது தெரிந்தது. சாலை வெயிலில் நெளிந்தது. எதிரே வருகிற லாரிகள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி மெதுவாகத் தெரிந்து, சட்டென்று பெரிதாகி, கடந்து போயின. ஏசியை டிரைவர் கூட்டினார், வேண்டாம் என்று அணைக்கச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள். அனல் உள்ளே வரட்டும். குளிரில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் போதும். எத்தனை போன், எத்தனை பரவால்லம்மா, ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு இருந்திருக்கும். சொல்வதற்கு முன்பே கோகி கழித்துவிட்டுச் சொன்னாள், சொன்ன பிறகு இவள் கழித்தாள், மிச்சமிருந்ததைத்தான் சௌக்கியம் என்று தங்கராசுவிடம் ராத்திரிகளில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எதைக் கூட்டி எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? பெரியாஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து பக்கம்தான், ரயில்வே கேட் எதுவும் கிடையாது, மாப்பிள்ளை நிதானமான கை. இதையே திரும்பத் திரும்ப எண்ணினாள். சூலூர் வந்தது, போனது. பல்லடத்துக்கு முன்னால் நூற்பாலைச் சுவர்கள் நீளமாக ஓடின, முடிகிற வழியைக் காணோம். போன் அடித்தது.

"அத்தை, வந்து சேந்துட்டமுங்க. பெட்டுல படுக்க வெச்சுட்டாங்க." கதிரேசனுக்கு மூச்சு வாங்கியது. "பிரஷர் பாத்தாங்க. ரொம்பக் கூட வந்துச்சுங்க. இவ்வளவு இருக்காது, பாத்தா பேசிட்டுத்தானே இருக்குது புள்ளைன்னு மறுபடியும் பாத்தாங்க, அதேதான் வந்துச்சு. மிஷின் ரிப்பேர் போலிருக்குதுன்னு நர்ஸம்மா வேற மிஷின் எடுத்தார மாடிக்குப் போயிருக்கறாங்க."

"மிஷின் சரியாத்தான் இருக்குதுங்க மாப்பிள்ளை," என்றாள் துளசிமணி. "ஓடிப்போயி டாக்டரைக் கூட்டிட்டு வாங்க."